படைத்தளத்துக்குள் தமிழ்ச் சங்கம்: முதலில் தெரிய வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் படைகளில் பணிபுரியும் தமிழர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். குடியுரிமை இல்லாத வெளிநாட்டவரை மொழித்திறன் போன்றவற்றுக்காக அமெரிக்கப் படையில் சேர்த்த மாவ்னி திட்டம் ஆளெடுத்த காலத்தில் ராணுவம் தேடிய மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. அப்படி வந்தவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்து சேர்ந்தவர்களும் இன்று குடும்பத்தோடு படைத்தளங்களில் வசிக்கிறார்கள். தளத்துக்குள்ளேயே ஒரு தமிழ்ச் சங்கம் வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதியதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால், "தளபதியிடம் அனுமதி வாங்கிவிட்டால் போதும்" என்ற வரி படிப்பவர்களைச் சிக்கலில் மாட்டிவிடும். என் கணவர் விமானப்படையில் இருக்கிறார். டெக்சாஸில் ஒரு தளத்தில், வீரர்களின் கணவன் மனைவிமார் சேர்ந்து நடத்தும் கிளப்புக்கு நான் பொருளாளர். அதனால் இதை எழுதுகிறேன்.

தளபதியின் எழுத்துபூர்வ அனுமதி கட்டாயம்தான். ஆனால் அது கிடைத்த பிறகும் சங்கம் தனியார் அமைப்பாகவே இருக்கும். படையின் முத்திரையைப் போட முடியாது. நோட்டீஸ், ஃபேஸ்புக் பக்கம் என்று எதை வெளியிட்டாலும், இது பாதுகாப்புத் துறையின் அங்கம் அல்ல என்ற வாசகம் அதில் இருக்க வேண்டும். செலவுக்குச் சந்தா, நன்கொடை, விழா வருமானம் இவைதான் வழி. மேலதிகாரி தனக்குக் கீழே வேலை பார்ப்பவரிடம் போய் நன்கொடை கேட்கக்கூடாது. பெரிய மனிதர் ஒருவர் சொன்னால் வசூல் தானாக வரும் என்று பழகிய நமக்கு இது புதிது. நல்ல விதி என்றே நினைக்கிறேன்.

நாலு குடும்பம் சேர்ந்து காசு போட்டுச் சாப்பிடுவதற்கு இத்தனை தேவையில்லை. விமானப்படை விதிப்படி, கையிருப்பு மூன்று மாதச் சராசரியில் மாதம் 1,000 டாலரைத் தாண்டினால்தான் முறைப்படி தனியார் அமைப்பாக வேண்டும், இல்லை கையிருப்பைக் குறைக்க வேண்டும். ஒரு பொங்கல் விழாவுக்கு வசூல் செய்தாலே அந்த எல்லை நெருங்கிவிடும்.

அப்புறம் கடன். சங்கத்தின் பணம் போதவில்லை என்றால் பாக்கியை உறுப்பினர்கள் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். இதைச் சேரும்போதே ஒவ்வொருவரிடமும் சொல்லியாக வேண்டும். எங்கள் கூட்டத்தில் இதை வாசித்தபோது இரண்டு பேர் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் செய்தது தப்பில்லை. இடர் குறைந்த அமைப்புக்குத் தளபதி காப்பீட்டிலிருந்து விலக்கு தரலாம். குழந்தைகளை வைத்து விளையாட்டு, அடுப்பு வைத்துச் சமையல் என்று இருந்தால் விலக்கு கிடைத்தாலும் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

வரி விலக்கு தளபதி கையில் இல்லை, வருமான வரித்துறையிடம் தனியாக வாங்க வேண்டும். வாங்கிய பின் ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். சிறிய அமைப்புக்கு ஆன்லைனில் ஒரு சின்னப் படிவம், அவ்வளவுதான். ஆனால் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் விட்டுப்போனால் விலக்கு தானாகவே ரத்தாகிவிடும். மூன்று ஆண்டுகள் எப்படி விட்டுப்போகும் என்று கேட்காதீர்கள். இங்கே யாரும் ஒரே ஊரில் நிலைப்பதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றல் வந்துவிடும், தலைவர் ஜப்பானில் இருப்பார், செயலாளர் அலாஸ்காவில் இருப்பார்.

நான் பொறுப்பேற்றபோது முந்தைய பொருளாளர் ஜெர்மனிக்குப் போய்விட்டிருந்தார். வங்கியில் அவர் கையெழுத்து மட்டுமே இருந்தது. புதிய கையெழுத்தைச் சேர்க்க, என்னைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தின் குறிப்பை வங்கி கேட்டது. அந்தக் கூட்டத்துக்குக் குறிப்பே எழுதப்படவில்லை. திரும்பக் கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கி முடிக்கும்வரை மாணவர்களுக்குத் தர வேண்டிய உதவித்தொகைக் காசோலைகள் நின்றுபோயின. கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் நெருங்கிய பிள்ளைகளின் பெற்றோர்கள் தொலைபேசியில் கேட்டபோது பதில் சொல்வது கொடுமையாக இருந்தது.

அதனால், சங்கம் தொடங்குபவர்கள் பெயரும் சின்னமும் முடிவு செய்யும் முன் துணைவிதிகளை எழுதுங்கள். வங்கியில் இரண்டு பேர் கையெழுத்து இருக்கட்டும், அந்த இருவருக்கும் ஒரே ஆண்டில் மாற்றல் வராதபடி பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வரி எண் வந்த கடிதம், காப்பீடு, கூட்டக் குறிப்புகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். அது ஆளிடமிருந்து ஆளுக்குக் கையெழுத்து வாங்கி மாற வேண்டும். விமானப்படைத் தளம் என்றால், முதல் டாலரை வசூலிக்கும் முன் ஃபோர்ஸ் சப்போர்ட் ஸ்குவாட்ரன் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். தனியார் அமைப்புகளின் கோப்புகளைப் பார்ப்பது அவர்கள்தான்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
டெக்சாஸ், அமெரிக்கா