ஹாக்கிச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பின் சங்கம் ஆற்றிய பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். செயற்குழு முறைப்படி கூடியது. லீக் ஆட்டங்கள் அட்டவணைப்படி நடந்து முடிந்தன. சிறுவர் பயிற்சி முகாம் நடைபெற்றது. மைதானத்தின் கோடுகள் புதிதாக வரையப்பட்டன. மறைந்த மூத்த உறுப்பினர்களுக்கு இரங்கல் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது.

இவ்வாண்டின் முதன்மைப் பணி விதி விளக்க வகுப்புகள்தான் என்பது என் உறுதியான கருத்து. வகுப்புக்கும் அதற்காக அச்சிட்ட விதிக் கையேட்டுக்கும் செலவிட்ட தொகையில் பந்துகளும் மட்டைகளும் வாங்கியிருக்கலாம் என்று செயற்குழுவிலேயே பேசப்பட்டது. அப்படிப் பேசியவர்கள் லீக் இறுதி ஆட்டத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கடைசிக் கால்பகுதியில் உயரத் தூக்கி அனுப்பப்பட்ட ஒரு பந்துக்காக ஒரு வீரர் காத்து நின்றார். எதிரணி வீரர் ஓடிவந்து, அவருடைய மட்டை எட்டும் தூரத்துக்கு வெளியிலேயே, யாருக்கும் ஆபத்தில்லாமல் அந்தப் பந்தை மறித்து எடுத்துக்கொண்டார். இளம் நடுவர் விசில் ஊதவில்லை. அடுத்த சில நொடிகளில் கோல் விழுந்தது. உடனே நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் சிலர் “ஐந்து மீட்டர்” என்று கூவிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். ஆட்டம் நின்றது. நடுவரை நோக்கிப் பேசப்பட்ட சொற்களை இந்த அறிக்கையில் எழுத எனக்கு மனமில்லை.

விசில் ஊதாமல் விட்ட நடுவரின் முடிவே சரி. கீழிறங்கும் பந்தைப் பெறும் வீரரிடமிருந்து எதிரணியினர் ஐந்து மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்ற விதி இன்றும் இருக்கிறது. ஆனால் 2022ஆம் ஆண்டு விதிநூலில் சர்வதேச ஹாக்கிக் கூட்டமைப்பு ஒரு மாற்றம் செய்தது. பெறுபவரின் மட்டை எட்டும் தூரத்துக்கு வெளியே, பாதுகாப்பாகச் செய்வதானால், அந்த ஐந்து மீட்டருக்குள்ளும் பந்தை மறிக்கலாம். தூரத்தை மட்டும் அளந்துகொண்டிருந்த நடுவர் இனி ஆபத்து உண்டா என்று பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். கையேட்டில் ஒரு முழுப் பக்கம் இதற்காகவே ஒதுக்கப்பட்டது. அந்த நடுவர் எல்லா வகுப்புகளுக்கும் வந்தவர். மைதானத்துக்குள் இறங்கியவர்களில் ஒருவர்கூட ஒரு வகுப்புக்கும் வரவில்லை. வருகைப் பதிவேடு என்னிடம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

விதிகள் அடிக்கடி மாறுவதால்தான் குழப்பம் என்று சொல்கிறார்கள். மாற்றத்தின் காரணம் தெரியாததால்தான் குழப்பம் என்று நான் சொல்கிறேன். 1976இல் மாண்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. பந்தின் வேகம் மாறியது, ஆட்டமும் மாறியது. ஆட்டத்தைத் தொடங்க இருவர் மட்டையோடு மட்டை தட்டும் ‘புல்லி’ முறையை விட்டு 1981இல் நடுப்புள்ளி பாஸ் வந்தது. எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி முன்னே நின்று பந்து பெறுவதைத் தடுத்த ஆஃப்சைடு விதி 1996இல் சோதனையாக நீக்கப்பட்டு, 1998இல் நிரந்தரமாகவே போனது. அன்றும் ஹாக்கி அழிந்துவிட்டது என்றார்கள். அழியவில்லை. முன்வரிசையினருக்கு இடம் கிடைத்தது, தடுப்பாட்டக்காரர்கள் பரந்து நிற்கக் கற்றுக்கொண்டார்கள்.

நம் லீக்கில் நான் மிகவும் வருந்துவது, எதிரணி விதி மீறும்போது கிடைக்கும் ஃப்ரீ ஹிட் பற்றித்தான். அடிப்பவர் பந்தை இன்னொருவருக்குத் தள்ளாமல் தானே எடுத்துக்கொண்டு ஓடலாம் என்ற விதி 2009 முதல் நடைமுறையில் இருக்கிறது. இருந்தும் பல அணிகள் பந்தை நிறுத்திவைத்துவிட்டுக் கூட்டாளி வரும்வரை நிற்கின்றன. அதற்குள் எதிரணி திரும்பி வந்து நின்றுகொள்கிறது. எதிரணியின் கடைக்கோட்டிலிருந்து சுமார் 23 மீட்டரில் வரையப்பட்ட 23 மீட்டர் கோட்டுக்குள் தாக்கும் அணிக்குக் கிடைக்கும் ஃப்ரீ ஹிட்டில் பந்து ஐந்து மீட்டராவது நகர்ந்த பிறகோ, தடுக்கும் அணியினர் தொட்ட பிறகோதான் கோலுக்கு முன்னுள்ள வட்டத்துக்குள் போகலாம். இதை அறியாமல் நேராக வட்டத்துக்குள் அடித்து, நல்ல வாய்ப்புகளை எதிரணிக்குக் கொடுத்துவிடுகிறோம். தடுக்கும் அணியினர் மேல் பட்டுப் பந்து கடைக்கோட்டுக்கு வெளியே போனால் கிடைக்கும் லாங் கார்னரை இன்னும் மூலைக்கு அருகே வைக்க ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2015 முதல் அது, பந்து வெளியேறிய இடத்துக்கு நேராக 23 மீட்டர் கோட்டில் எடுக்கப்படுகிறது.

தடுக்கும் அணியின் விதிமீறலுக்காக எதிரணிக்குக் கடைக்கோட்டிலிருந்து கிடைக்கும் பெனால்டி கார்னரைத் தடுப்பவர்கள் முகக்கவசத்துடனேயே பந்தை வட்டத்துக்கு வெளியே எடுத்துச் செல்லலாம், ஆனால் முதல் வாய்ப்பிலேயே அதைக் கழற்றிவிட வேண்டும், 23 மீட்டர் கோட்டுக்கு அப்பால் அதை அணிந்து ஆடக் கூடாது என்பதையும் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம். அவர்கள் ஒரே மாலையில் பிடித்துக்கொண்டார்கள்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரவுக்கும் செலவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கையேடு அச்சிட்ட செலவு சங்க நிதியைப் பாதித்தது என்ற பேச்சில் உண்மை இல்லை. நிதியைப் பாதித்தது சந்தா நிலுவை. உறுப்பினர்களில் கணிசமானோர் இவ்வாண்டுச் சந்தாவைச் செலுத்தவில்லை, சிலர் சென்ற ஆண்டினதையும் செலுத்தவில்லை. நினைவூட்டுக் கடிதங்கள் அனுப்பினேன், நேரிலும் கேட்டேன். இறுதி ஆட்டத்தன்று உரத்துப் பேசியவர்களின் பெயர்கள் சிலவும் அந்த நிலுவைப் பட்டியலில் இருப்பதை வேதனையுடன் குறிப்பிடுகிறேன்.

தலைவருக்கும், துணைத் தலைவர்களுக்கும், பொருளாளருக்கும், மைதானத்தைப் பராமரித்தவர்களுக்கும், வகுப்பு நடத்த அறை தந்தவர்களுக்கும், முதலுதவிக் குழுவினருக்கும் சங்கத்தின் நன்றி. ஊதியம் எதுவும் பெறாமல் நின்ற நடுவர்களுக்கு என் தனிப்பட்ட நன்றி. அந்த இளம் நடுவர் அடுத்த ஆண்டு வர மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கடிதத்தை நான் இன்னும் செயற்குழுவின் முன் வைக்கவில்லை. சங்கத்தின் சார்பில் அவரிடம் வருத்தம் தெரிவிக்க இந்தப் பொதுக்குழு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்று முன்மொழிகிறேன். அந்தத் தீர்மானத்துடன் நானே அவரைச் சந்திக்கிறேன்.

அடுத்த ஆண்டும் லீக் தொடங்கும் முன் வகுப்புகளை நடத்த எண்ணியிருக்கிறேன். ஒவ்வொரு அணியின் தலைவரும் பயிற்சியாளரும் ஒரு வகுப்பிலாவது அமர்ந்தால்தான் அந்த அணியைப் பதிவு செய்வது என்று விதி கொண்டுவரலாம் என்பது என் யோசனை. செயலாளர் பொறுப்பை வேறு யாரேனும் ஏற்க முன்வந்தால் கணக்கேடுகளையும் கையேட்டின் மீதிப் பிரதிகளையும் மகிழ்ச்சியுடன் ஒப்படைப்பேன். யாரும் முன்வராவிட்டால் தொடர்ந்து பணியாற்ற ஆயத்தமாக இருக்கிறேன். எந்த நிலையிலும் நிலுவைச் சந்தாவை இந்தக் கூட்டம் முடிவதற்குள் பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். கையேட்டுப் பிரதிகளும் அவர் மேசையிலேயே இருக்கின்றன.

இப்படிக்கு,
செயலாளர்