கவ்வாத்து மலையும் என் கொப்பியும்

ஆசிரியருக்கு,

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். இரண்டு வருடமாக, இராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, அன்று கண்டதை ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறேன். யாருக்கும் காட்டுவதற்கு இல்லை. இரவல் வாங்கிய ஒரு பறவைப் புத்தகம்தான் தொடக்கம். எங்கள் இஸ்தோப்புக்கு, அதாவது வீட்டு முன் திண்ணைக்கு, வரும் கொண்டைக்குருவிக்கு வாலடியில் சிவப்பு இருப்பதை அதை வாசித்த பிறகுதான் கவனித்தேன்.

தேயிலைச் செடிகளைக் கத்தரிப்பதுதான் கவ்வாத்து. அப்படி வெட்டிய மலை வெறும் குச்சியாகத்தான் தெரியும். கொப்பியைப் புரட்டினால், பாசி பிடித்த தண்டில் குண்டூசித் தலை அளவில் முதல் துளிர் கண்ட நாள் இருக்கிறது. அது விரலளவு வளர்ந்த நாளும் இருக்கிறது. அந்தப் பக்கங்களைத் திரும்ப வாசிக்கும்போது வரும் சந்தோஷமே தனி.

ஹோட்டன் சமவெளியில் சுமார் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நெலு என்ற குறிஞ்சி வகைச் செடி பூக்கிறது. 2010இல் மத்திய மலைநாடு உலக மரபுரிமையானது. இதையெல்லாம் நம் பிள்ளைகள் தமிழில் வாசிக்க எத்தனை புத்தகம் இருக்கிறது? தோட்டப் பாடசாலைகளுக்கு இயற்கை நூல்கள் கட்டாயம் வேண்டும். அப்புறம், வாசகர்களின் இப்படியான குறிப்புகளுக்கு உங்கள் பத்திரிகையில் வாரம் ஒரு சிறு இடம் கொடுங்கள், ஐயா. முதல் குறிப்பை நானே அனுப்புகிறேன்.

தோட்டத்து வாசகர்,
ஹட்டன்