வரைபடத்தில் கோடும் புள்ளியும் போடுங்களேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

காரைக்குடியில் பதினைந்து வருடமாகக் கல்யாணப் பத்திரிகையும் கடை போர்டும் டிசைன் செய்கிறேன். எனக்குச் சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு. எக்ஸ் குரோமோசோம் வழியாகத் தாயிடமிருந்து மகனுக்கு வருவது. என் தாய்மாமாவுக்கும் உண்டு. 'எல்லாம் கறுப்பு வெள்ளையாகத் தெரியுமா?' என்பார்கள். இல்லை. அரக்கும் கரும்பச்சையும் ஒரே பழுப்பாகத் தெரியும், அவ்வளவுதான்.

ஒருமுறை கண்டாங்கிச் சேலை விளம்பரத்தில் அரக்குக் கரையைப் பச்சையாக்கி அனுப்பிவிட்டேன். கடைக்கார ஆச்சி, "ஏந்தம்பி, இது எந்த ஊர்ச் சேலை?" என்றார். அன்றிலிருந்து கண்ணை நம்புவதில்லை. கணினியில் ஒவ்வொரு நிறத்துக்கும் உள்ள எண்ணைப் பார்த்தே போடுகிறேன். முடித்ததும் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பேன். அப்போதும் எழுத்து பளிச்சென்று நின்றால் சரி. எங்கள் வீட்டு ஆத்தங்குடித் தரைக்கல்லில் நிறம் பிரியாவிட்டாலும் பூ தெரிகிறதே, அதுபோல.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் நாளிதழின் தேர்தல் முடிவு வரைபடம் சிவப்பும் பச்சையுமாகவே வருகிறது. எந்தத் தொகுதி யாருக்கு என்று மகளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். ஒரு நிறத்தின்மேல் சாய்கோடோ புள்ளியோ போட்டால் போதும். இல்லையென்றால் பச்சைக்குப் பதில் நீலம். அது எங்களுக்கு நன்றாகவே பிரியும்.

- ஒரு வாசகர், காரைக்குடி