இரட்டை எஸ்.யு. கார்புரேட்டரைச் சீராக்க உதவியோருக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

என்னிடம் உள்ள இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரின் இயந்திரம் இப்போது ஸ்லோவில் (ஆக்சிலரேட்டரை அழுத்தாத நிலையில்) திணறாமல் ஓடுகிறது. நான்காம் கியரில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அழுத்தினாலும் தயங்காமல் வேகம் பிடிக்கிறது. இதற்குக் காரணமானவர்களுக்குத் தனித்தனியாக நன்றி சொல்லியிருக்கிறேன் என்றாலும், யார் என்ன செய்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியவேண்டும் என்பதற்காகவே இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான இந்த வண்டிக்கு நிறுவனம் கொடுத்தது 948 சிசி இயந்திரமும் பெட்ரோலைக் காற்றோடு கலந்து அதற்கு அனுப்பும் ஒற்றை சோலெக்ஸ் கார்புரேட்டரும். இங்கிலாந்தில் 1959இல் வந்த டிரயம்ப் ஹெரால்ட் கூப்பேயிலோ இதே இயந்திரத்துக்கு எஸ்.யு. என்ற வேறு தயாரிப்பின் இரண்டு கார்புரேட்டர்களைப் பொருத்தி விற்றார்கள். அந்த வழியைப் பின்பற்றியே, அம்பாசிடர் கார்களிலிருந்து கழற்றிய இரண்டு எஸ்.யு. எச்.எஸ்.2 ரகக் கார்புரேட்டர்களை, அவற்றுக்கேற்ப மாற்றியமைத்த மேனிஃபோல்டில் (இயந்திரத்தோடு இணைக்கும் குழாயில்) நான் மாட்டினேன். வண்டி ஓடியது, ஆனால் ஸ்லோ நிலைக்கவில்லை, பாதி ஆக்சிலரேட்டரில் கரும்புகை, வேகத்தில் மிஸ்ஸிங் (இடையிடையே எரியாமல் விடுவது) என்று ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வொரு குறை இருந்தது.

முதல் நன்றி புதுப்பேட்டை மெக்கானிக் பாய் அவர்களுக்கு. பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை ஏற்றி இறக்கும் நட்டைத் திருக ஸ்பானரோடு நான் காத்திருந்தபோது, கார்புரேட்டரைத் தொடக்கூடாது என்று சொல்லி அவர் வால்வுகளின் மேல்மூடியான டேப்பெட் கவரைக் கழற்றினார். வால்வு இடைவெளியை 0.010 அங்குலத்துக்கும், இக்னிஷன் பாயின்ட்டை 0.015க்கும், பிளக்கை 0.025க்கும் வைத்து, இக்னிஷன் டைமிங்கையும் பார்த்து முடித்த பிறகுதான் கார்புரேட்டர் பக்கம் திரும்பினார். அப்போதும் நட்டைத் தொடவில்லை. இயந்திரம் ஓடும்போது, காற்றுவழியைத் திறந்து மூடும் த்ராட்டில் ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டார். ஓட்டத்தின் சத்தம் உடனே மாறியது. தேய்ந்த ஷாஃப்ட் வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தால், ஸ்லோவில் எந்த மிக்சரை (பெட்ரோல்-காற்றுக் கலவையை) வைத்தாலும் நிற்காது என்பதை அவர் விளக்கிச் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

அந்த ஷாஃப்ட்டுகளுக்குப் புதிய பித்தளைப் புஷ் கடைந்து கொடுத்த அம்பத்தூர் லேத் பட்டறை அண்ணனுக்கு அடுத்த நன்றி. அவர் தம் வேலையோடு நிற்காமல், கார்புரேட்டரின் மேலுள்ள குமிழ் மூடியான டேஷ்பாட்டையும் அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டனையும் கையில் எடுத்துப் பார்த்து, இரண்டு கார்புரேட்டர்களின் பிஸ்டன்களும் இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு பிஸ்டனும் அதனதன் டேஷ்பாட்டோடு சேர்த்தே பொருத்தம் பார்க்கப்பட்டது என்பதால், மாற்றிப் போட்டால் உரசும், இல்லையேல் காற்றை விடும். துளைகளை அடைத்துத் தலைகீழாகப் பிடித்தால், இந்த ஒன்றேகால் அங்குல அளவுக்கு டேஷ்பாட் மூன்று முதல் ஐந்து வினாடிகளுக்குள் இறங்கவேண்டும். சரியான ஜோடியைச் சேர்த்ததும் இரண்டுமே அப்படி இறங்கின.

அதற்குப் பிறகு பாய் செய்த வேலை வேறு வகையானது. இரண்டு ஜெட்களையும் பிரிட்ஜ் (கார்புரேட்டர் வாயின் உள்தரை) மட்டத்திலிருந்து நட்டின் பன்னிரண்டு முகங்கள், அதாவது இரண்டு முழுச் சுற்று அளவுக்கு இறக்கி வைத்து, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்து, இரண்டிலும் காற்றின் இரைச்சல் ஒன்றாகும்வரை த்ராட்டில் ஸ்குரூக்களைத் திருகினார். பிறகு பிஸ்டனை ஒரு மயிரிழை தூக்கிப் பார்த்தார். ஓட்டம் கூடி அப்படியே நீடித்தால் ரிச் (பெட்ரோல் அதிகம்). விழுந்து அணைந்தால் லீன் (பெட்ரோல் குறைவு). சற்றே கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. பின்னர் காற்றோட்ட மீட்டர் வைத்துப் பார்த்தபோது அவர் காதுக்கும் மீட்டருக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. மீட்டர் வாங்கிய காசு வீண் என்று என் மனைவி சொன்னதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஸ்லோ சரியாயிற்று, புகை போகவில்லை. அந்த முடிச்சை அவிழ்த்தவர் கோவையில் பொறியியல் கல்லூரியொன்றில் பாடம் நடத்தும் நண்பர். அம்பாசிடரில் ஒரே கார்புரேட்டர் 1489 சிசி இயந்திரத்துக்குக் காற்று கொடுத்தது; இங்கே ஒவ்வொன்றின் பங்கும் 474 சிசிதான். பிஸ்டன் அந்த அளவுக்கு உயராது என்பதால், பிஸ்டனின் அடியில் தொங்கி பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கூம்பு ஊசியான நீடிலின் வேறொரு பகுதியே ஜெட்டுக்குள் நிற்கும். ஆகவே அம்பாசிடர் நீடில் இங்கே பொருந்தாது என்று அவர் விளக்கினார். தம்முடைய ஆக்சிஜன் சென்சாரை இரவல் தந்து, காற்று-எரிபொருள் விகிதமாகப் படிக்காமல் லாம்டாவாக (முழுமையாக எரியத் தேவையான காற்றில் எத்தனை மடங்கு உள்ளே போகிறது என்ற அளவாக) படிக்கச் சொன்னதும் அவரே. இன்று பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்; அது முழுமையாக எரியப் பழைய பெட்ரோலைவிடக் குறைவான காற்றே போதும் என்பதால், பழைய விகிதக் கணக்கை நம்பினால் இயந்திரம் லீனாக ஓடிச் சூடேறும். லாம்டாவின் பொருளோ எந்தப் பெட்ரோலுக்கும் மாறாது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் நான் ஓட்ட, பக்கத்தில் அமர்ந்து அளவுகளை நோட்டுப் புத்தகத்தில் எழுதிய என் மகளுக்கு நன்றி. அந்த அளவுகளைக் கொண்டு, நீடிலின் விட்டத்தை எட்டில் ஒரு அங்குலத்துக்கு ஒருமுறை மைக்ரோமீட்டரால் அளந்து, எந்த இடத்தில் மெலிதாக வேண்டும், எந்த இடத்தில் தடித்திருக்கவேண்டும் என்று அட்டவணையில் தேடி, வேறு நீடில் ஜோடியைத் தேர்ந்தெடுத்தோம். முழு ஆக்சிலரேட்டரில் லாம்டா 0.87க்கு அருகிலும், சீரான ஓட்டத்தில் ஒன்றுக்குச் சற்றுக் கீழேயும் நிற்கிறது. எஸ்.யு.வில் ஆக்சிலரேட்டர் பம்ப் கிடையாது என்பதால், திடீர் அழுத்தத்தின்போது பிஸ்டன் உயர்வதைத் தாமதப்படுத்தி மிக்சரை ஒரு கணம் ரிச்சாக்கும் வேலையை டேஷ்பாட்டுக்குள் ஊற்றும் டாம்பர் எண்ணெயே செய்கிறது. அதை நிரப்பாமல் விட்டுவிட்டு நீடிலைக் குறை சொல்பவர்கள் உண்டு என்று பாய் சிரித்தார்.

அதிகாலையில் எழுந்த சத்தத்தையும் பெட்ரோல் வாடையையும் பொறுத்துக்கொண்ட எங்கள் தெருவாருக்கும் நன்றி.

ஒன்று மிச்சமிருக்கிறது. இந்த இயந்திரத்தில் கலவை நுழையும் இன்லெட்டும் புகை வெளியேறும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம் இருப்பதால், சித்திரை வெயிலில் வண்டியை அணைத்தபின் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறையில் பெட்ரோல் கொதித்து, திரும்ப ஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கிறது. கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவே வைக்க அலுமினியத் தகட்டில் தடுப்பு வெட்டித் தருவதாக டிங்கர் வேலை செய்யும் தம்பி ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்கான நன்றியை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். நீடில் அளவுகள் உள்ள நோட்டுப் புத்தகத்தின் பிரதி வேண்டும் ஹெரால்ட் உரிமையாளர்கள் தயங்காமல் கேட்கலாம்.

நன்றியுடன்,
ஹெரால்ட் உரிமையாளர்,
சென்னை