மலருக்கு அடுத்து என்ன? கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்வித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். மஞ்சக்குப்பத்தில் ஒரு தட்டச்சுக் கடையில் வேலை பார்க்கிறேன். முதியோர் உதவித்தொகை, பட்டா மாற்றம், பெயர்த் திருத்தம் என்று நாள் முழுக்க அடுத்தவர்களுக்காக மனு எழுதுகிறவள். எனக்காக எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் மகள் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற வாரம் என்னைப் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். பாடத்தைக் கவனிப்பதில்லை, கணக்கை முடித்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளைகளிடம் பேசுகிறாள், கண்டித்தால் கேள்வி கேட்கிறாள் என்றார்கள். கணக்கில் தவறு இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, எல்லாம் சரி என்றார்கள். கடைசியில், "குழந்தைக்கு வயதுக்கு மீறிய அறிவு இருக்கலாம். வெளியில் காட்டி டெஸ்ட் எடுத்து சர்டிபிகேட் கொண்டு வாருங்கள், பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

கொண்டு வந்தால் எதைப் பார்ப்பீர்கள்? இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

அன்று இரவு அவளுடைய கணக்கு நோட்டைப் புரட்டினேன். பத்துக் கணக்கில் ஒன்பது போட்டிருந்தாள். பத்தாவது மட்டும் வெறுமையாக இருந்தது. முந்தைய பக்கத்திலும் அப்படியே, அதற்கு முந்தைய பக்கத்திலும் அப்படியே. "இது தெரியவில்லையா கண்ணு?" என்று கேட்டேன். வாயாலேயே விடையைச் சொன்னாள். "அப்புறம் ஏன் எழுதவில்லை?" என்றதற்கு, "முடித்துவிட்டால் கைகட்டி, வாயில் விரல் வைத்து உட்காரச் சொல்வார்கள் அம்மா" என்றாள். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "பெரிய முள் ஆறிலிருந்து பன்னிரண்டுக்குப் போகிற வரைக்கும்."

எட்டு வயதுக் குழந்தை, தெரிந்த கணக்கைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்ளக் கற்றிருக்கிறாள். எங்கள் பள்ளி அவளுக்கு இந்த ஆண்டு புதிதாகக் கற்றுக்கொடுத்தது இது ஒன்றைத்தான்.

காலாண்டு விடுமுறையில் அவள் தாத்தாவோடு துறைமுகத்துக்குப் போய்வந்தாள். உப்பனாற்றங்கரையில் ஒரு படிக்கட்டு. கடல் ஓதத்தில் நீர்மட்டம் ஏறி மேலேயுள்ள படியைத் தண்ணீர் தொடும் நேரத்தை, கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் தினமும் குறித்துவைத்தாள். ஒன்பது நாளில் காலை ஏழு மணி, பிற்பகலாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் முக்கால் மணிக்கு மேல், ஒரு மணிக்குள் தள்ளிப்போகிறது என்று அவளாகக் கண்டுபிடித்தாள். நிலவும் அதே அளவுதான் தினமும் தாமதமாக எழுகிறது என்று தாத்தா சொன்னதும் அன்றிரவு அவள் தூங்கவில்லை. பள்ளி திறந்ததும் அந்தத் தாளை வகுப்புக்கு எடுத்துப்போனாள். பாடத்தில் இல்லாததைக் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். இப்போது அது என் கைப்பையில் இருக்கிறது.

ஆசிரியர்மேல் எனக்குக் கோபம் இல்லை. மூன்று வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் உட்காரவைத்து, நடுநடுவே எமிஸ் இணையதளத்தில் பிள்ளைகளின் விவரப் பதிவும் போட்டுக்கொண்டிருப்பவரிடம் இன்னும் எதைக் கேட்பது? எழுத்தே வராத பிள்ளையின் கையைப் பிடித்து எழுதவைக்கத்தான் அவர் முதலில் போக வேண்டும். அது சரிதான். தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் 2022 முதல் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறீர்கள். அரும்பை மொட்டாக்கவும் மொட்டை மலராக்கவும் பயிற்சி நூல் இருக்கிறது. மலரைத் தாண்டி நிற்கும் குழந்தைக்கு என்ன இருக்கிறது? வாயில் வைக்க ஒரு விரல் இருக்கிறது.

திறமையுள்ள பிள்ளைகளுக்கு உதவித்தொகை தரும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு எட்டாம் வகுப்பில்தான். அதுவரை என் மகள் ஐந்து ஆண்டுகள் பத்தாவது கணக்கை எழுதாமல் காத்திருக்க வேண்டுமா?

அறிவுத்திறன் டெஸ்ட் எடுக்கச் சொன்னதால் புதுச்சேரியில் ஒரு தனியார் மையத்துக்குப் பஸ் ஏறிப் போய் விசாரித்தேன். கட்டணம் என் பாதி மாதச் சம்பளத்துக்கு மேல். சோதனை ஆங்கிலத்தில்தான் நடக்கும் என்றார்கள். வீட்டிலும் வகுப்பிலும் தமிழ் பேசும் குழந்தையிடம் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்டால் அளக்கப்படுவது அவளுடைய அறிவா, எங்கள் வசதியா? படத்தில் விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்கச் சொல்லும் ரேவன் சோதனையும் இருக்கிறது, மொழி தேவைப்படாது. ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது என்றார்கள். இந்தியக் குழந்தைகளுக்கென்று மாலின் என்ற உளவியலாளர் தகவமைத்த அளவுகோல் 1969இல் வந்தது. அரை நூற்றாண்டுக்கு முந்திய பிள்ளைகளோடு என் மகளை ஒப்பிட்டு ஒரு அறிவுத்திறன் எண் வாங்கி நான் என்ன செய்வேன்? அந்த எண்ணின் சராசரி 100 என்றும், 130க்கு மேல் போகிறவர்கள் நூற்றில் இரண்டு பேர் அளவுக்குத்தான் என்றும் விளக்கினார்கள். காய்ச்சலில் எழுந்த நாளில் 127 வரலாம், நன்றாகத் தூங்கிய நாளில் 131 வரலாம். நான்கு புள்ளியில் இவள் வேறு குழந்தை ஆகிவிடுவாளா?

என் கணவர், பணம் போனால் போகட்டும், எடுத்துவிடுவோம் என்கிறார். என் மாமியார், குழந்தைக்குத் தலைக்கனம் ஏறும், வேண்டாம் என்கிறார். நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். சான்றிதழைப் பார்த்தபின் வகுப்பில் என்ன மாறும் என்று ஒருவராவது சொன்னால், தோட்டை அடகு வைத்தாவது எடுத்துவிடுவேன். யாரும் சொல்லவில்லை.

ஒன்று நினைவுக்கு வருகிறது. முதல் அறிவுச் சோதனையைப் பிரெஞ்சு உளவியலாளர் ஆல்ஃபிரெட் பினே 1905இல் உருவாக்கினார். பள்ளியில் தனி உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிய வழி காணும்படி பிரெஞ்சு அரசு அமைத்த குழுவில் அவர் இருந்தார். எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் புதுச்சேரியை அப்போது ஆண்டதும் அதே அரசுதான். கண்டறிவது அரசின் கடமை என்றுதான் இந்த வேலையே தொடங்கியிருக்கிறது. இன்று அதைப் பெற்றோர் தலையில் கட்டி, பணம் இருப்பவன் பிள்ளை மட்டும் அறிவாளி என்று பெயர் வாங்கும்படி விட்டிருக்கிறோம். துறைமுகத்தில் வலை பின்னுகிறவர் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கும். அவர்களை டெஸ்ட் எடுத்துவரச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் வரும் 21 வகைக் குறைபாடுகளுக்கு, பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையம் வழியாக முகாம் நடத்துகிறீர்கள், சிறப்பாசிரியர்களை வைத்திருக்கிறீர்கள். அந்தக் குழந்தைகளுக்குக் கிடைப்பதில் ஒரு துளியும் குறையக் கூடாது. அதே மையத்தில் இன்னொரு மேசை போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கோபத்தில் ஏதேனும் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். என் விண்ணப்பம் இது: ஆசிரியரோ பெற்றோரோ அனுப்பும் குழந்தையை வட்டார வள மையத்திலேயே, தமிழிலேயே, கட்டணமின்றிப் பரிசோதியுங்கள். பதிவு பெற்ற உளவியலாளர் ஒருவர் மாதம் ஒருமுறை வந்தாலும் போதும். முடிவு எதுவானாலும் வகுப்பில் என்ன மாற்றம் செய்யப்படும் என்று எழுத்தில் தாருங்கள். அதுவரை, வெளியே போய்ச் சோதித்துவா என்று எந்தத் தாயையும் அனுப்பாதீர்கள் என்று பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்.

தனியார் மையத்தில் அடுத்த மாதம் பத்தாம் தேதிக்கு நேரம் கேட்டு வைத்திருக்கிறேன். முன்பணம் இன்னும் கட்டவில்லை. அதற்குள் உங்களிடமிருந்து ஒரு வரி வந்தால் அந்தத் தேதியை விட்டுவிடுகிறேன். நாட்காட்டித் தாளை எங்கே கொண்டுவர வேண்டும் என்று சொன்னால், மகளையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவியின் தாய்,
கடலூர் முதுநகர்