சம்மதப் படிவத்துக்குத் துணை நின்றவர்களுக்கு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து எயிடட் (அரசு உதவி பெறும் தனியார்) பள்ளிகளில் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் வழிபாட்டில் உட்காரவைக்கக் கூடாது என்று கேட்டபோது உடன் நின்ற அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

முதல் நன்றி மனுவைத் திருத்திய வக்கீல் அம்மாவுக்கு. அரசியலமைப்பின் 28(1) பிரிவைக் காட்டி எழுதியிருந்தோம். அது முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிக்கானது. அங்கே மதபோதனையே கூடாது. எயிடட் பள்ளியில் ஆசிரியர் சம்பளம் அரசுடையது, பள்ளி மேனேஜருடையது. அதற்குப் பொருந்துவது, பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை வழிபாட்டில் சேர்க்கக் கூடாது என்னும் 28(3). அதைப் போடாமல் போயிருந்தால் மனு முதல் மேஜையிலேயே திரும்பியிருக்கும்.

தகவல் உரிமை மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டவைத்து, "ஏன் என்று கேட்காதீங்க, சுற்றறிக்கையின் நகலும் கையெழுத்தான படிவங்களின் எண்ணிக்கையும் கேளுங்க" என்று சொல்லித் தந்த தம்பிக்கும் நன்றி. 'ஏன்' என்ற கேள்விக்கு அது தகவல் அல்ல என்று பதில் வந்துவிடும். இருக்கிற காகிதத்தைக் கேட்டால் 30 நாளில் தந்தாக வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். "எதிர்ப்பு இருந்தால் எழுதித் தரவும்" என்று படிவத்தில் இருந்த வரியை அடித்துவிட்டு, "சம்மதம் என்றால் கையெழுத்திடவும்" என்று எழுதியவர் அவர். பழைய வரியில் வாய் திறக்காதவர் எல்லாம் சம்மதித்தவர் ஆகிவிடுவார். எழுதிக் கொடுத்த வீட்டுப் பிள்ளை மட்டும் வராந்தாவில் தனியே நிற்கும். தோட்டக் கூலிக்குப் போகும் தாய் எப்படி அதைத் துணிந்து எழுதுவாள்? சட்டம் கேட்பதும் தரப்பட்ட சம்மதத்தைத்தான். மலையாளத்திலும் 'சம்மதம்' அதே சொல் என்பதால் இரண்டு மொழிப் படிவமும் பிசகில்லாமல் அமைந்தது. பெயர்த்துத் தந்த சேச்சிக்கும் நன்றி.

மத நம்பிக்கையால் தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து நின்ற கேரளப் பிள்ளைகள் மூவரைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்ற 1986 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தேடித் தந்த நூலகருக்கும் நன்றி. தயங்கிய ஆசிரியர்களிடம் பேச அதுவே உதவியது.

வழிபாட்டை அசெம்பிளிக்கு முன்னால் வைத்து, ஆஜர் எடுப்பதை அதற்குப் பின்னால் தள்ளிய டீச்சர்மாரே, இனி வழிபாட்டுக்கு வராத எந்தப் பிள்ளைக்கும் 'லேட்' விழாது. ஜூனில் புதுச் சேர்க்கையின்போது படிவத்தைப் புதிதாகவே வாங்குங்கள். போன வருஷக் கையெழுத்தை நகலெடுத்துச் சேர்க்க வேண்டாம்.

அன்புடன்,
எல்லையோரத் தமிழ்ப் பெற்றோர்