கோழிக்கூடு கட்டப்போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

வீட்டின் பின்புறம் நான்கு பெட்டைக்கோழி வளர்க்கப் போகிறாய் என்றதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். நீ அனுப்பிய படத்தையும் பார்த்தேன். நாலு பக்கமும் பலகை, ஒரே ஒரு சின்ன ஜன்னல். எலிக்கும் பூனைக்கும் பயந்துதான் அப்படி வரைந்திருக்கிறாய். ஆனால் காற்றை அடைத்துவிட்டால் எலி உள்ளே வராமலேயே கோழி நோயில் விழும். தச்சரிடம் பேசுவதற்கு முன் இதைப் படித்துவிடு.

முதலில் உங்கள் நகராட்சியில் விசாரி. கோழி வளர்க்க விடுகிறார்களா, எத்தனை வரை, பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளிக் கூடு இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள். சேவல் வேண்டாம். அது இல்லாமலும் பெட்டை முட்டையிடும்; அந்த முட்டை குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான்.

கூட்டுக்குள் ஒரு கோழிக்கு 4 சதுர அடி, வெளியே உலாவ 10 சதுர அடி என்று வைத்துக்கொள். உனக்கு 4 அடிக்கு 4 அடி கூடும், அதை ஒட்டி 4 அடிக்கு 10 அடி கம்பிவலை முற்றமும் போதும். முற்றத்தின் உயரத்தை 6 அடிக்குக் குறைக்காதே. குனிந்தே கூட்ட வேண்டிய இடத்தை யாரும் ஒழுங்காகக் கூட்டுவதில்லை. கூட்டின் தரை மண்ணிலிருந்து ஒன்றரை அடியாவது உயர்ந்து நிற்கட்டும். தரையோடு படிந்திருந்தால் அடியில் எலி வளை போடும்.

இனி காற்று. கோழி இரவு முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து மூச்சு விடுகிறது, எச்சமும் போடுகிறது. இரண்டிலிருந்தும் ஈரம் எழும். ஈரமான எச்சத்திலிருந்து அம்மோனியா வரும். அது கண்ணையும் மூச்சுக்குழாயையும் புண்ணாக்கி, சளி நோய்க்கு வழி விடும். அதனால் எதிரெதிரான இரண்டு சுவர்களிலும் கூரைக்குக் கீழே, 4 அடி நீளத்துக்கு 6 அங்குல உயரம் திறந்து விடு. பக்கத்துக்கு 2 சதுர அடி, மொத்தம் 4. கோழிக்கு ஒரு சதுர அடி கணக்கு. இந்தத் திறப்பு கோழி அடையும்போது அதன் தலைக்கு மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் குளிர்காலத்திலும் மழையிலும் காற்று அதன் உடம்பில் நேராக அடிக்காது. வெயில் கடுமையான ஊர் என்றால் இது போதாது. ஒரு பக்கச் சுவரின் மேல்பாதியை முழுக்கக் கம்பிவலையாக்கி, மழைக்கு இறக்கிவிடத் தார்ப்பாய் கட்டு. கோழிக்கு வியர்க்காது; வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைக் கழிக்கும். வெறும் தகரக் கூரை போட்டால் கீழே ஒட்டுப்பலகை அடித்து, இரண்டுக்கும் நடுவில் காற்றோட இடைவெளி விடு. தெர்மாகோல் வைக்காதே, கொத்தித் தின்றுவிடும். கூரை சுவரைத் தாண்டி ஒரு அடி நீண்டிருந்தால் சாரல் உள்ளே வராது.

நிறையத் திறந்து வைத்தால் பயமாக இருக்கிறதே என்பாய். அதற்குத்தான் வலை. அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தும், நாயை வெளியே நிறுத்தாது. நாய் கடித்துக் கிழிக்கும், அந்தக் கண் வழியே எலி சாதாரணமாக நுழையும். அரை அங்குலச் சதுரக்கண் வெல்ட் மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலை) வாங்கு, 19 கேஜ் கனத்தில். பற்றவைத்த பிறகு துத்தநாகம் பூசியதா என்று கேள். முன்பே பூசிய கம்பியில் பற்றவைத்த இடங்கள் முதலில் துருப்பிடிக்கும். காற்றுக்கு விட்ட எல்லாத் திறப்புக்கும், முற்றத்தின் கூரைக்கும் இதே வலைதான். ஸ்டேப்ளர் ஊசியால் அடித்துவிட்டுப் போகிறேன் என்று தச்சர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. நாய் ஒருமுறை தள்ளினால் ஊசிகள் வரிசையாகக் கழன்றுவிடும். வலையின் ஓரத்தைச் சட்டத்துக்கும் ஒரு மரப்பட்டிக்கும் நடுவில் வைத்து, 6 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ முடுக்கச் சொல்.

தோண்டி வருபவற்றுக்கு வேறு ஏற்பாடு. முற்றத்து வலைச்சுவரின் அடியோடு சேர்த்து ஒன்றரை அடி அகல வலையை வெளிப்பக்கமாகத் தரையில் விரித்து, முளையடித்து, மேலே மண் போட்டு மூடு. பெருச்சாளியோ நாயோ பெரும்பாலும் சுவரை ஒட்டித்தான் தோண்டும். வலை தட்டுப்பட்டால் பின்னால் தள்ளிப்போய்த் தோண்டுவது அரிது. சிமெண்ட் தரையானால் இது வேண்டாம், சட்டத்துக்கும் தரைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மட்டும் கலவை வைத்துப் பூசு. கதவு மூடியிருக்கும்போது உன் சுண்டுவிரல் நுழையும் சந்து எங்கும் இருக்கக் கூடாது. வெறும் கொக்கியைச் சில விலங்குகள் மூக்கால் தூக்கிவிடும். தாழ்ப்பாள் போட்டு, அதன் துளையில் ஸ்பிரிங் கொக்கியும் மாட்டு.

அடையும் கம்புக்கு 2 அங்குல அகலக் கட்டை, விளிம்பை இழைத்து மழுக்கியது. கோழிக்கு 10 அங்குலம், ஆக 4 அடியில் ஒரே கட்டை. அது முட்டைப் பெட்டியைவிட உயரமாக இருக்கட்டும். கோழி இருப்பதில் உயரமான இடத்தில்தான் அடையும். பெட்டி உயரமானால் அதிலேயே தூங்கி எச்சம் போட்டு முட்டையை அழுக்காக்கும். ஓரடிச் சதுரத்தில் ஒரு பெட்டி நாலு கோழிக்குப் போதும். கம்பை ஆணியடித்து இறுக்காமல் கழற்றும்படி வை. இரத்தம் உறிஞ்சும் உண்ணிகள் பகலில் அதன் முனைகளில்தான் ஒளிந்திருக்கும். மாதம் ஒருமுறையாவது கழற்றிப் பார்.

தரையில் உமியோ இழைப்புச் சுருளோ 4 அங்குலம் பரப்பு, தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி நனைந்ததை அன்றன்றே வாரி எடு. தீவனத்தை இரவில் வெளியே எடுத்து மூடியுள்ள தகர டப்பாவில் வை. எலி வருவது பெரும்பாலும் தீவனத்துக்காகத்தான்.

இன்னொன்று. பழைய பெயிண்ட் உதிரும் சுவரோரத்தில் முற்றத்தை வைக்காதே. அந்த மண்ணில் ஈயம் இருக்கலாம். கோழி கிளறித் தின்றால் அது முட்டைக்குள் வரும். சந்தேகமிருந்தால் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடு.

கட்டி முடிந்ததும் இருட்டில் உள்ளே ஒரு விளக்கை ஏற்றி வெளியிலிருந்து சுற்றிப் பார். வலையில்லாத இடத்தில் வெளிச்சம் கசிந்தால் அடைத்துவிடு. கோழி வந்த பிறகு, காலையில் கதவைத் திறந்ததும் கம்பின் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோய் முகர்ந்து பார். மூக்கு எரிந்தால் திறப்பு போதவில்லை, அல்லது தரை நனைந்திருக்கிறது.

இடத்தின் நீள அகலத்தை அளந்து அனுப்பு. எத்தனை அடி வலை வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா